ஒரு படம் வந்தது, மூவாயிரம் வரவில்லை: கல்யாண ஆல்பம் தேர்வு நிரல் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாவட்டத் தலைநகர் ஒன்றில் உள்ள நடுத்தரமான போட்டோ ஸ்டுடியோ அது. ஒரு கல்யாணத்துக்கு இரண்டு கேமரா போகும். வரவேற்பு, முகூர்த்தம், பந்தி, மறுவீடு எல்லாம் சேர்த்தால் மூவாயிரம் படத்துக்குக் குறையாது. அதில் ஆல்பத்துக்குப் போகிறவற்றை வீட்டார் ஸ்டுடியோவுக்கு வந்து உட்கார்ந்து பொறுக்கித் தர வேண்டும்.

முன்பெல்லாம் ஃபோல்டரைத் திறந்து, படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்து, பிடித்ததன் எண்ணை நோட்டில் குறித்துக்கொள்வார்கள். 412, 418, 430 என்று பட்டியல் நீளும். கேமராக்கள் கோப்புப் பெயரின் கடைசி நான்கு இலக்கத்தை 0001 முதல் 9999 வரை ஓட்டிவிட்டு மறுபடி 0001-க்கே வருபவை. இரண்டு கேமரா இருந்தால் 412-ம் இரண்டு இருக்கும். டிசைன் செய்பவர் வீட்டாருக்குப் போன் போட்டு "எந்த 412?" என்று கேட்பது வாடிக்கை.

இதை ஒழிக்க, ஸ்டுடியோவில் ஆல்பம் டிசைன் செய்யும் இளைஞர் ஒருவர் பைத்தான் என்ற நிரல் மொழியில் சிறிய நிரல் எழுத முன்வந்தார். படங்கள் கட்டம் கட்டமாகத் திரையில் வர வேண்டும். கிளிக் செய்தால் டிக் விழ வேண்டும். டிக் விழுந்தவை தனி ஃபோல்டருக்கு நகலாக வேண்டும். விண்டோஸ் கணினி, 4 ஜிபி மெமரி, 1920×1080 திரை. ஜன்னலுக்கு டிகிண்டர், படத்தைத் திறக்கப் பில்லோ; இரண்டும் பைத்தானில் பயன்படும் நிரல் தொகுப்புகள். டிகிண்டருக்கு அடியில் இருந்து ஜன்னலை வரைவது டிகே; அதன் 8.6 பதிப்பு தானாகவே காட்டக்கூடியது ஜிஃப், பிபிஎம், பிஎன்ஜி வகைகளை மட்டும். ஜேபெக் அதற்குத் தெரியாது என்பதால் பில்லோ தவிர்க்க முடியாதது.

முதல் வாரம்: ஒன்று, கடைசி ஒன்று, பூஜ்யம்

ஃபங்ஷன் (பெயர் கொடுத்துத் தனியாக வைக்கும் நிரல் பகுதி) எதுவும் இல்லாமல், நிரல் கோப்பின் மேல்மட்டத்திலேயே ஒரே ஒரு படத்தைத் திறந்து, போட்டோஇமேஜ் (டிகிண்டர் காட்டக்கூடிய படப் பொருள்) ஆக்கி, லேபிளில் (ஜன்னலில் படமோ எழுத்தோ காட்டும் கட்டம்) போட்டுப் பார்த்தார். வந்தது.

அதே வரிகளை லூப்பில், அதாவது திரும்பத் திரும்ப ஓடும் சுற்றில், வைத்து 12 படம் கொடுத்தார். 11 கட்டம் காலி, கடைசிக் கட்டத்தில் மட்டும் படம்.

லூப்பை ஒரு ஃபங்ஷனுக்குள் நகர்த்தி, "படங்களைத் திற" என்ற பட்டனோடு இணைத்தார். இப்போது கடைசிப் படமும் போனது. பிழைச் செய்தி எதுவும் இல்லை.

இங்கே கவனிக்க வேண்டிய அறிகுறி ஒன்று இருந்தது: காலிக் கட்டங்கள் சுருங்கவில்லை. படம் இருந்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அதே 200×133 அளவில், சாம்பல் நிறத்தில் நின்றன. படமே ஏறாத லேபிள் என்றால் அது மிகச் சிறிதாகச் சுருங்கியிருக்கும். ஆக, படம் ஏறியது, அளவைச் சொன்னது, பிறகு அழிந்தது. இதைப் படித்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். படிக்கவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரைப் புதுப்பிப்பதில் ஒரு நாள் போனது.

லூப்புக்குள் ஒவ்வொரு சுற்றிலும், திரையை உடனே வரையச் சொல்லும் அப்டேட்டை அழைத்துப் பார்த்தபோது படங்கள் ஒவ்வொன்றாக மின்னி மறைந்தன. அதைவிடக் குழப்பியது இன்னொன்று. மெமரி கார்டிலிருந்து பாதியில் நகலான கோப்பு ஒன்று ஃபோல்டரில் இருந்தது. அதைத் தொட்டதும் கோப்பு துண்டிக்கப்பட்டிருக்கிறது என்ற பிழையோடு ஃபங்ஷன் நின்றது. நின்றதும், அதற்கு முந்தைய படம் ஒன்று மட்டும் திரையில் ஜம்மென்று தெரிந்தது! கோப்பை நீக்கினால் பிழை போனது, படமும் போனது. பிழை வந்தால் படம் வருகிறது, நிரல் சரியாக ஓடினால் எதுவும் வரவில்லை.

காரணம்

லேபிளிடம் படம் இருப்பதில்லை. அதனிடம் இருப்பது "பைஇமேஜ்3" என்பது போன்ற ஒரு பெயர்தான். படத்தின் புள்ளிகளை (பிக்சல்களை) வைத்திருப்பது டிகே. அது எப்போது அழியும் என்பதைத் தீர்மானிப்பது பைத்தான் பக்கத்தில் இருக்கும் போட்டோஇமேஜ் பொருள். அந்தப் பொருளை எந்த மாறியும் (நிரலில் மதிப்பை வைத்திருக்கும் பெயர்) பிடித்திருக்கவில்லை என்றால் பைத்தான் அதைக் கலைக்கும். கலையும்போது அது டிகேயிடம் "இந்தப் பெயரில் உள்ள படத்தை நீக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் போகும். ஏற்கெனவே காட்டிக்கொண்டிருந்த இடங்கள் அளவை வைத்துக்கொண்டு வெறுமையாக நிற்கும்.

இப்போது மூன்று நிலையும் விளங்கும். மேல்மட்டத்தில் ஒரே படம்: மாறி நிரல் முடியும்வரை உயிரோடு இருக்கிறது, படமும் இருக்கிறது. மேல்மட்டத்து லூப்: அடுத்த சுற்றில் அதே மாறியில் புதுப் படம் வந்து உட்கார, பழையது கலைகிறது; கடைசியை மட்டும் யாரும் எழுப்பவில்லை. ஃபங்ஷனுக்குள் லூப்: ஃபங்ஷன் முடிந்ததும் கடைசி மாறியும் போகிறது. பிழை வந்தபோது மட்டும் படம் தெரிந்ததும் இதனால்தான். பட்டனிலிருந்து கிளம்பிய பிழையின் தடத்தை டிகிண்டர் பைத்தானின் கடைசிப் பிழைக் குறிப்பில் சேமிக்கிறது. அந்தத் தடம் நின்றுபோன ஃபங்ஷனின் மாறிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறது. படம் உயிர் பிழைத்தது அந்தப் பிடியில்.

எடுத்த முடிவு: ஒவ்வொரு லேபிளிலும் ஒரு பண்பாகவே படத்தை ஒட்டிவைப்பது. பொதுப் பட்டியலில் சேர்த்துக்கொண்டே போவதும் வேலை செய்யும்; ஆனால் அதைக் காலி செய்ய மறந்தால் மெமரி ஏறிக்கொண்டே இருக்கும். லேபிளோடு ஒட்டினால் லேபிள் போகும்போது படமும் போகும். லேபிளை மறுபடி பயன்படுத்தும்போது வரிசை முக்கியம்: முதலில் லேபிளுக்குப் புதுப் படத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு பண்பை மாற்ற வேண்டும். மாற்றிச் செய்தால் நடுவில் ஒரு கணம் வெறுமை மின்னும்.

டிக் விழும் கிளிக்கிலும் இதே வகைச் சறுக்கல் வந்தது. எந்தப் படத்தைத் தொட்டாலும் கடைசிப் படத்துக்கே டிக் விழுந்தது. லூப்புக்குள் எழுதிய லாம்டா (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்), கோப்புப் பாதையின் மதிப்பைப் பிடித்து வைக்காது. கிளிக் ஆகும்போதுதான் மாறியைப் பார்க்கும், அப்போது லூப் முடிந்து மாறியில் கடைசிப் பாதை நிற்கும். லாம்டாவின் இயல்பு மதிப்பாகப் பாதையைக் கொடுத்ததும் சரியானது.

இரண்டாம் வாரம்: மெமரி

12 படத்தில் ஓடிய நிரல் முழுக் கல்யாணத்தைக் கொடுத்ததும் கணினியையே இறுக்கிப் பிடித்தது. மவுஸ் நகரவில்லை, ஹார்ட் டிஸ்க் விளக்கு அணையவில்லை.

படத்தைக் கிளிக் செய்தால் பெரிதாகக் காட்ட வேண்டும் என்பதற்காக, சிறு படம் செய்த பிறகும் அசல் படப் பொருளை லேபிளிலேயே வைத்திருந்தார். படங்கள் 6000×4000. அதாவது 2.4 கோடி புள்ளி, பில்லோவின் மெமரியில் புள்ளிக்கு 4 பைட், ஆக 9.6 கோடி பைட்: 96 எம்பி. டிஸ்கில் கோப்பு சில எம்பிதான் என்பது இங்கே ஏமாற்றும். ஜேபெக் சுருக்கம் டிஸ்கோடு சரி, மெமரியில் படம் விரிந்துதான் உட்காரும். 30 படம் ஏறும்போதே 2.88 ஜிபி. 4 ஜிபி கணினியில் விண்டோஸுக்கும் பங்கு போக, அதற்கு மேல் எல்லாம் டிஸ்குக்கும் மெமரிக்கும் இடையே அலைவதுதான்.

பில்லோவில் படத்தைத் திறப்பது என்பது கோப்பின் தலைப்பை மட்டும் படிப்பது. அளவு மாற்றும்போதுதான் புள்ளிகள் முழுதும் விரியும். விரிந்தபின் அந்தப் பொருளை விட்டுவிட வேண்டும். முடிவு: கோப்புப் பாதையை மட்டும் வைத்துக்கொள்வது, பெரிதாகக் கேட்டால் அந்த ஒரு படத்தை மட்டும் அப்போது திறப்பது. 200×133 சிறு படத்துக்கு டிகே பக்கத்தில் புள்ளிக்கு 4 பைட் என்றால் 1,06,400 பைட். மூவாயிரமும் ஏறினாலும் 320 எம்பிக்குள் அடங்கும்.

வேகம்: ஒரு வரி இடம் மாறியதால் வந்த தாமதம்

மெமரி அடங்கியது, வேகம் வரவில்லை. ரீசைஸ் என்ற வழி முழுப் படத்தையும் விரித்த பிறகே சுருக்கும். அதற்குப் பதில் தம்ப்நெயில் வழியைப் பயன்படுத்தினார்கள். ஜேபெக் கோப்பாக இருந்தால் அது, சுருக்கத்தை அவிழ்க்கும் டிகோடரிடமே "பாதி, கால், அரைக்கால் அளவில் கொடு" என்று முன்கூட்டிக் கேட்கும். 6000×4000 படம் அரைக்காலில் 750×500 ஆக வெளிவரும். புள்ளிகள் 64-ல் ஒரு பங்கு. நேரம் 64 மடங்கு குறையாது, ஏனென்றால் கோப்பின் சுருக்கத்தை ஆரம்பம் முதல் கடைசிவரை அவிழ்த்தே ஆக வேண்டும். ஆனாலும் வித்தியாசம் கண்ணுக்கு நன்றாகவே தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து மறுபடி மெதுவானது. நடுவில் மாறியது ஒரு வரி. செங்குத்தாக எடுத்த படங்கள் படுத்துக்கிடந்ததால், கோப்புக்குள் கேமரா எழுதிவைக்கும் எக்ஸிஃப் குறிப்பைப் பார்த்துத் திருப்பும் வரியைச் சேர்த்திருந்தார். கேமரா பெரும்பாலும் புள்ளிகளைத் திருப்பாது. "இதைத் திருப்பிக் காட்டு" என்று 6 அல்லது 8 என்ற எண்ணை எழுதி வைக்கும். அந்தத் திருப்பும் வரி படத்தைத் திறந்த கையோடு வந்தது. திருப்ப வேண்டுமானால் படம் முழுதும் விரிந்தாக வேண்டும். விரிந்துவிட்டால் பிறகு வரும் தம்ப்நெயில் டிகோடரிடம் எதுவும் கேட்க முடியாது. பிழை ஏதும் சொல்லாமல் பழைய மெதுவான வழியிலேயே சுருக்கும்.

வரிசையை மாற்றினார்கள்: திற, சுருக்கு, பிறகு திருப்பு. உடனே இன்னொன்று தலைகாட்டியது. 200×133 பெட்டிக்குள் சுருக்கிய படத்தைத் திருப்பினால் 133×200 ஆகி, கட்டத்தைத் தாண்டிக் கீழே இருக்கும் எண்ணை மறைத்தது. அதனால் கட்டமே 200×200 சதுரம் ஆனது. கீழே எண்ணுக்கு 20 புள்ளி.

ஸ்க்ரோலா, பக்கமா

முதல் வடிவில் எல்லாப் படமும் ஒரே நீண்ட ஃப்ரேமில் (லேபிள்களை அடுக்கும் சட்டகம்) இருந்தன. டிகிண்டரில் ஃப்ரேம் தானாக உருளாது. அதை, உருளக்கூடிய கேன்வாஸ் என்ற பரப்புக்குள் ஜன்னலாகப் பதித்து உருட்ட வேண்டும். 300 படம் உள்ள சோதனை ஃபோல்டரில் குறையொன்றும் இல்லை. முழுக் கல்யாணத்தில் ஏறத்தாழ 1,184 படத்துக்குக் கீழே எதுவும் வரையப்படவில்லை.

எண்ணே காரணத்தைச் சொன்னது. வரிசைக்கு 8 படம், 148 வரிசை. வரிசை உயரம் 220. பெருக்கினால் 32,560. அடுத்த வரிசை 32,767-ஐத் தாண்டுகிறது, அது கூட்டல் கழித்தல் குறியுள்ள 16 பிட் எண்ணின் உச்சம். ஒரு ஜன்னலின் உயரம் அதற்கு மேல் போனால் வரைவது நின்றுவிடும்.

கண்ணில் படும் வரிசைகளை மட்டும் வரைந்து உருட்டும் வழியும் உண்டு. அதை எடுக்கவில்லை. 8×4, அதாவது பக்கத்துக்கு 32 படம் என்று பிரித்தார்கள். 32 லேபிளை ஒருமுறை உருவாக்கி, பக்கம் திரும்பும்போது படத்தை மட்டும் மாற்றினார்கள். நிரல் எளிதானது என்பது ஒரு காரணம். தேர்வு செய்ய வருகிறவர்களில் பெரியவர்கள் அதிகம் என்பது இன்னொன்று. உருளும் திரையில் "எதுவரை பார்த்தோம்" என்பது தொலைந்துவிடும். "94-ல் 37-ஆம் பக்கம்" என்றால் நாளைக்கு வந்தும் தொடரலாம். இந்த வேலைக்குப் பக்கமே சரி.

பக்கம் திருப்பும்போது ஜன்னல் உறைந்து "பதிலளிக்கவில்லை" என்று வந்ததைத் தனி த்ரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலை ஓட்டம்) தீர்த்தது. த்ரெட் படத்தைத் திறந்து சுருக்கி ஒரு கியூவில் (காத்திருப்பு வரிசையில்) வைக்கும். முதன்மை த்ரெட் 50 மில்லிவினாடிக்கு ஒருமுறை கியூவைப் பார்த்து, போட்டோஇமேஜை அங்கேயே உருவாக்கும். போட்டோஇமேஜை வேலை த்ரெட்டில் உருவாக்கக் கூடாது. வேகமாக நான்கு பக்கம் தள்ளினால் பழைய பக்கத்துப் படம் தாமதமாக வந்து புதுப் பக்கத்துக் கட்டத்தில் உட்காரும். இதைத் தடுக்க ஒவ்வொரு வேலைக்கும் பக்கச் சுற்று எண் ஒன்றைச் சேர்த்து, எண் பொருந்தாததைத் தள்ளிவிடச் செய்தார்கள்.

பயன்பாட்டில்: தவறான படம்

இதுவரை வந்தவை எல்லாம் "படம் தெரியவில்லை" என்ற வகை. யாருக்கும் நஷ்டமில்லை, பார்த்த உடனே தெரிந்துவிடும். அடுத்து வந்ததில் எல்லாப் படமும் பளிச்சென்று தெரிந்தன.

ஒரே கல்யாணத்தை வீட்டார் இரண்டு மூன்று தடவை வந்து பார்ப்பார்கள். ஒவ்வொரு தடவையும் சுருக்கத் தேவையில்லை என்று, செய்த சிறு படங்களை ஒரு ஃபோல்டரில் சேமித்துவைக்கும் வசதி சேர்ந்தது. சேமித்த பெயர், அசல் கோப்பின் பெயரே.

ஆல்பத்தின் மாதிரிப் பக்கங்களைக் காட்டியபோது பெண்ணின் தகப்பனார் கேட்டார்: "தம்பி, மாலை மாத்துற படத்தைத்தானே டிக் பண்ணோம், இங்க பந்தி படம் இருக்கே?" மறதியாக இருக்கும் என்று முதலில் நினைத்தார்கள். அடுத்த பக்கத்திலும் ஒன்று அப்படி இருந்தது.

நிரலைத் திறந்து பார்த்தால், இரண்டாம் கேமராவின் 0412 கட்டத்தில் முதல் கேமராவின் 0412 தெரிந்தது. முதல் கேமராவுக்காகச் செய்த சிறு படம், அதே பெயர் கேட்ட இரண்டாம் கேமராவுக்கும் போயிருக்கிறது. வீட்டார் பார்த்தது ஒன்று, கட்டத்தின் பின்னால் இருந்த பாதை வேறொன்று, நகலானது அந்த வேறொன்று. எந்த நோட்டுக் குழப்பத்தைத் தீர்க்க நிரல் எழுதப்பட்டதோ, அந்த 412 குழப்பம் நிரலுக்குள்ளேயே குடியேறியிருந்தது. நோட்டு காலத்தில் டிசைனருக்குச் சந்தேகமாவது வரும். இதில் அதுவும் இல்லை.

அச்சுக்குப் போகும் முன் பிடிபட்டது நல்லதாயிற்று. அன்றே எடுத்த நடவடிக்கைகள்:

சேமித்த சிறு படங்கள் அத்தனையும் அழிக்கப்பட்டன. அதற்கு முன் ஓர் எண்ணிக்கை: இரண்டு கேமரா ஃபோல்டர்களிலும் உள்ள கோப்புகளைவிடச் சேமிப்பு ஃபோல்டரில் கோப்புகள் குறைவாக இருந்தன. அந்த வித்தியாசம்தான் மோதிய பெயர்களின் எண்ணிக்கை. அந்த எண்கள் உள்ள தேர்வுகளை மட்டும் வீட்டாரோடு மறுபடி பார்த்து உறுதி செய்தார்கள்.

சேமிக்கும் பெயர் மாறியது. கல்யாண ஃபோல்டரிலிருந்து தொடங்கும் பாதை, கோப்பின் பைட் அளவு, கடைசியாக மாறிய நேரம் மூன்றையும் சேர்த்து பைத்தானின் ஹேஷ்லிப் கொண்டு ஷா-1 (தரவிலிருந்து எப்போதும் மாறாத ஒரு குறியீட்டை எடுக்கும் முறை) எடுத்து, அதுவே பெயர். முழுப் பாதையை எடுக்காததற்குக் காரணம், வெளி ஹார்ட் டிஸ்க் மறுநாள் வேறு டிரைவ் எழுத்தில் வந்தால் சேமிப்பு முழுவதும் வீணாகும். நேரத்தைச் சேர்த்ததால், வண்ணம் திருத்திச் சேமித்த படத்துக்குப் புதிய சிறு படம் தானாக வரும். பைத்தானோடு வரும் ஹேஷ் ஃபங்ஷனை முதலில் முயன்றார்கள். எழுத்துச் சரங்களுக்கு அது தரும் எண் நிரலை மூடித் திறந்தால் மாறிவிடும் என்பதால் சேமிப்பு ஒருபோதும் பயன்படவில்லை.

கட்டத்தின் கீழே வெறும் எண் இருந்த இடத்தில் கேமரா ஃபோல்டரின் பெயரும் சேர்ந்தது. டிக் விழுந்ததும் ஓரத்தில் தெரியும் படம், சேமித்த சிறு படத்திலிருந்து வராமல் அசல் கோப்பிலிருந்து நேரடியாகத் திறந்து வருமாறு செய்யப்பட்டது. கொஞ்சம் தாமதம்தான். ஆனால் எது நகலாகப் போகிறதோ அதையே வீட்டார் பார்க்கிறார்கள்.

விளைவு

அதன் பிறகு வந்த கல்யாணங்களில் தேர்வும் நகலும் மாறியதாகப் புகார் வரவில்லை. "எந்த 412?" என்ற போனும் நின்றது. மெமரி, பக்கத்துக்கு 32 படம் என்ற கணக்கில், சிறு படங்களுக்கு 4 எம்பிக்குள் நிற்கிறது. கெட்டுப்போன கோப்பு வந்தால் லூப் நிற்பதில்லை. அந்தக் கட்டத்தில் கோப்பின் பெயரோடு சாம்பல் பெட்டி வரும். அதைப் பார்த்த கையோடு மெமரி கார்டிலிருந்து மறுபடி நகல் எடுக்கிறார்கள். கார்டை அழிப்பது இப்போது அந்தப் பெட்டிகள் எதுவும் இல்லை என்று உறுதியான பிறகே.

மறுபடி செய்தால் மாற்றுவது

சோதனை ஃபோல்டர். 12 படம், 300 படம் என்று ஏறிச் சோதித்ததில் எல்லாத் தடையும் ஒவ்வொன்றாகத் தாமதமாக வந்தது. முதல் நாளே ஒரு முழுக் கல்யாணம், அதிலும் இரண்டு கேமராவில் ஒரே எண்கள் உள்ள கல்யாணம், செங்குத்துப் படங்கள், பெரிய எழுத்தில் ஜேபிஜி என முடியும் கோப்புகள், வேண்டுமென்றே பாதியில் வெட்டிய ஒரு கோப்பு எல்லாம் சேர்ந்த ஃபோல்டர் தேவை. பெரிய எழுத்து ஏன் என்றால், பெயர் சிறிய எழுத்தில் முடிகிறதா என்று மட்டும் பார்த்த நிரல் ஒரு கேமராவின் படங்களை மொத்தமாகத் தவறவிட்டது. பெயரை முதலில் சிறிய எழுத்தாக்கிவிட்டு ஒப்பிட்டால் போதும்.

சேமிப்பு வசதி அவசரப்பட்டுச் சேர்ந்தது. தம்ப்நெயில் வழியும் த்ரெட்டும் வந்த பிறகு அது தேவையா என்று யாரும் அளந்து பார்க்கவில்லை. அளந்திருந்தால் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

இரண்டு கேமராவின் கடிகாரமும் ஒத்துப்போகாததால், எடுத்த நேரப்படி அடுக்கினால் தாலி கட்டும் படங்களுக்கு நடுவே பந்தி வருகிறது. இப்போதைக்குக் கேமரா வாரியாகத்தான் காட்டுகிறார்கள். ஒரு கேமராவுக்கு மட்டும் நேரத்தைக் கூட்டிக் கழிக்கும் வசதி அடுத்த வேலை. அடோபி ஆர்ஜிபி என்ற விரிந்த வண்ண வகையில் எடுத்த படங்களின் வண்ணக் குறிப்பை நிரல் இன்னும் மதிப்பதில்லை. அரக்குப் பட்டு திரையில் வெளிறித் தெரிகிறது. அச்சில் அப்படி வராது என்று உரிமையாளர் ஒவ்வொரு வீட்டாருக்கும் வாயால் சொல்லிக்கொண்டிருக்கிறார்.